ஒன்பதாம் பக்கத்து அடைப்புக்குறி

அறிவுரை சொல்வது எல்லா வீட்டிலும் சும்மா நடக்கிற காரியம். அதையே நாடுகளுக்குச் சொல்வது என் தொழில்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிற ஆட்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். கனடாவில் தொடங்கித் தெற்கே நிலம் முடிகிற இடம் வரைக்கும் உள்ள நாடுகள், சர்வதேசச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்று ஓர் ஆலோசனைக் குழுவை வைத்திருக்கின்றன. கையளவு சட்ட அறிஞர்கள். நாடுகள் கேட்கும், குழு யோசிக்கும், எழுதும், அனுப்பும். அனுப்பியதை அந்த நாடுகள் ஏற்கலாம், விடலாம், உறையைப் பிரிக்காமலே அலுமாரியில் வைக்கலாம். குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் பேராசிரியர் ஹெலன். ரொறன்ரோவில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவருக்கு இரண்டு அறைகள். நான் அவருடைய ஆய்வு உதவியாளர். எதிர் மேசையில் லூசியா. ஸ்பானிய மொழி வேலை எல்லாம் அவளுடையது.

கேக் வெட்டிய பிறகு

வேலை கிடைத்த மாதமே யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. மாமா கேக் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். நான் ஜட்ஜோ என்று கேட்டார். இல்லை என்றேன். லோயரோ என்றார். இன்னும் இல்லை என்றேன். “அப்ப, உங்கட குழு ஒரு நாட்டைப் பாத்து நீ செய்தது பிழை எண்டு சொன்னால், அந்த நாடு கேக்கோணுமோ?” கேட்கத் தேவையில்லை என்றேன். தண்டம் போடுவீர்களோ என்றார். இல்லை. ஆள் அனுப்பிப் பிடிப்பீர்களோ? அதுவும் இல்லை.

முள்ளுக்கரண்டி கேக்கில் குத்தியபடி நின்றது. மாமா கோபப்படவில்லை, உண்மையிலேயே யோசித்தார். எனக்கும் அந்த நேரத்தில் என் வேலை ஒரு விநோதமான பிராணி மாதிரித்தான் தெரிந்தது: பல் இல்லை, நகம் இல்லை, ஆனால் உயிரோடு இருக்கிறது. கடைசியில் மாமாவுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. “விளங்கீட்டுது. நானும் கோயில் ஆலோசனைச் சபையில பதினொரு வருசம் இருந்தனான். எங்கட சொல்லை ஒருதரும் கேக்கேல்லை. ஆனா பந்தியில முதல் வரிசை எங்களுக்குத்தான்.”

ஆருக்காகவும் இல்லாத ஆள்

ஒரு நாள் காலையில் போன். எடுத்தால் பின்னால் பெரிய இயந்திரங்கள் சுழலும் சத்தம். “தமிழ்ப்பிள்ளை ஒண்டு அங்க வேலை செய்யுதெண்டு கேள்விப்பட்டன். அது நீங்களோ?” பேசியவர் சறோசினி அன்ரி. ரெக்ஸ்டேலில் இருக்கிறார், மருத்துவமனைத் துணிகளைத் தோய்க்கிற இடத்தில் வேலை. இடைவேளை பதினைந்து நிமிடம் என்பதால் கதையை வேகமாகச் சொன்னார். தம்பி தயாபரன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். தெற்கே ஒரு நாட்டின் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண் விழித்தபோது கப்பல் போய்விட்டது. பாஸ்போட் கப்பலோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தடுப்பு முகாம். அந்த நாட்டில் இலங்கைத் தூதரகம் இல்லை. அந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்கிற தூதரகம் இரண்டு நாடு தள்ளி இருக்கிறது. கடிதத்துக்குப் பதில் இல்லை. இவர் இன்னார்தான் என்று சொல்ல ஒருவர் வராமல் முகாம்காரர் விடமாட்டார்கள். நாலு மாதம் போய்விட்டது. (அந்த நாட்டின் பெயரை நான் எழுதக்கூடாது, வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.)

“உங்கட ப்ரொபெசர் கனடாவின்ர ஆள்தானே? கனடா ஒரு சொல்லுச் சொன்னால் விடமாட்டினமோ?” என்று கேட்டார். இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பேராசிரியர் கனடாவிலிருந்து தெரிவானவர், ஆனால் கனடாவுக்காகப் பேசுபவர் அல்ல. குழுவில் யாரும் தங்கள் நாட்டுக்காகப் பேசுவதில்லை. சொந்த அறிவில் நின்று பேசவேண்டும் என்பதுதான் விதி. அதை விளக்கி, அதனால் அவரால் ஒன்றும் உத்தரவிட முடியாது என்றும் சொன்னேன். அன்ரி ஏமாறுவார் என்று நினைத்தேன். அவரோ ஆறுதலாகச் சொன்னார்: “ஆரோ ஒருத்தரின்ர ஆக்களோடதான் பிள்ளை நான் நாலு மாசமாக் கதைக்கிறன். ஆருக்காகவும் இல்லாத ஒராள் இருக்கிறா எண்டால், அவவை எங்களுக்காக ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ.”

பதில் வந்துகொண்டிருக்கிறது

அன்ரிக்கு எங்கள் எண் கிடைத்தது அவர் மகள் கூகிளில் தேடியதால். அந்தத் தேடலில் நாங்கள் அகப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அப்போது குழு இதையேதான் ஆராய்ந்துகொண்டிருந்தது: வெளிநாட்டில் பிடிபட்டவருக்குக் கொன்சல் உதவி. கொன்சல் என்றால் பிறநாட்டில் தன் நாட்டவரின் நல்லது கெட்டதைப் பார்க்கிற அதிகாரி. பேராசிரியர்தான் அந்த வழிகாட்டலை எழுதிக்கொண்டிருந்தார். என் பங்கு, எல்லா அரசாங்கங்களுக்கும் கேள்விக்கொத்து அனுப்புவது. ‘தூதரகம் இல்லாத நாட்டவர் ஒருவரைத் தடுத்துவைத்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ இப்படி இருபது கேள்விகள்.

நீங்கள் யாருக்காவது கலியாணக் காட் அனுப்பிவிட்டு வருவார்களோ மாட்டார்களோ என்று காத்திருந்தால் என் நிலை தெரியும். ஒரு நாடு இருபது கேள்விக்கும் ‘ஆம்’ என்று பதில் அனுப்பியது. அதில் ஒரு கேள்வி, ‘எந்த ஆண்டிலிருந்து?’ இன்னொரு நாடு கேள்விக்கொத்தை நன்றியோடு எங்களுக்கே திருப்பி அனுப்பியது. மிச்சம் பேரிடம் தவணை முறையில் போன் எடுத்தேன். பதில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள், ஏதோ மழை மாதிரி. ஒரே ஓர் அதிகாரி மட்டும், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்: “நாங்கள் என்ன செய்கிறோம் என்று எழுதித் தந்தால், அடுத்த தடவை அதையே செய்யச் சொல்லி எங்களிடம் காட்டுவீர்கள் அல்லவா?”

சண்டைக்குப் பதிலாக

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் சதுர அடைப்புக்குறி. குழுவில் கையை உயர்த்தி வாக்கெடுப்பது அபூர்வம். எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள். ஒத்துவராத வசனத்தை வெட்டுவதும் இல்லை. இரண்டு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். இதற்குள் இருப்பது இன்னும் எங்கள் வாயிலிருந்து வரவில்லை என்று பொருள். எங்கள் வரைவின் ஒன்பதாம் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தது: தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் தடுத்துவைக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால், வேறொரு நாட்டின் கொன்சல் அவரைச் சென்று பார்க்க இடமளிக்க வேண்டும்.

அதற்கு அடைப்புக்குறி போடச் சொன்னவர் குழுவின் இன்னோர் உறுப்பினர், தெற்கு நாடு ஒன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி. கெட்ட மனிதர் இல்லை. காணொளியில் ஒவ்வொரு முறையும் பேராசிரியரின் உடல்நலம் விசாரித்துவிட்டுத்தான் மறுப்பார். நாடுகள் ஏற்கெனவே செய்துவருவதிலிருந்துதான் சர்வதேசச் சட்டத்தின் பெரும்பகுதி உண்டாகிறது. இதைச் செய்த ஒரு நாட்டைக் காட்டுங்கள், எடுத்துவிடுகிறேன் என்பது அவர் வாதம். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. இது எவ்வளவு காலம் போகும் என்று லூசியாவிடம் கேட்டேன். அவள் தட்டெழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள்: “முன்பு ஓர் அறிக்கையில் ஒரு சொல் ஆறு வருடம் உள்ளே இருந்தது. போடச் சொன்னவர் ஓய்வு பெற்றார், சொல் ஓய்வு பெறவில்லை.”

நோட்டுக் கொப்பி வழக்கம்

சறோசினி அன்ரி ஒவ்வொரு செவ்வாயும் இடைவேளையில் போன் எடுப்பார். தம்பிக்கு முகாமில் காய்ச்சல், தம்பி மெலிந்துவிட்டான், தம்பி இப்போது போனில் அதிகம் கதைப்பதில்லை. எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஒரு நாள் மனம் கேட்காமல், எங்கள் வரைவு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் தம்பியின் நிலைக்குப் பொருந்துகிற ஒரு வசனம் இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுதான் பிழை.

மூன்று கிழமை கழித்து லூசியா தன் திரையை என் பக்கம் திருப்பினாள். தயாபரன் அடைபட்டிருக்கிற நாட்டின் தடுப்பு முகாம்களுக்குப் பொறுப்பான அதிகாரி எழுதியிருந்தார். உங்கள் குழுவின் வழிகாட்டலின்படி, இங்கே தூதரகம் வைத்திருக்கிற அயல்நாடு ஒன்றின் கொன்சலைத் தயாபரன் என்பவரைப் பார்க்க அழைத்திருக்கிறோம், வருகிற வியாழக்கிழமை வருகிறார், இதற்கென்று தனிப் படிவம் உண்டா என்று கேட்டிருந்தார். கீழே எங்கள் வசனம். அடைப்புக்குறி இல்லை. ‘வரைவு’ என்ற சொல்லும் இல்லை.

அன்ரியை அழைத்தேன். அவர் சந்தோசமாக ஒப்புக்கொண்டார்: மகளைக் கொண்டு அந்த வசனத்தைப் போனில் தட்டுவித்து, அங்கே தம்பிக்காகப் பேசுகிற இலவசச் சட்ட உதவி வழக்கறிஞருக்கு அனுப்பியிருக்கிறார், அவர் அதை மனுவில் சேர்த்துவிட்டார். “அன்ரி, அதைச் சுத்தி பிராக்கெட் இருந்ததெல்லோ?” என்றேன். “ஓம், இருந்தது. முக்கியமான வசனம் எண்டபடியால்தானே கட்டம் போட்டு வைச்சிருக்கினம். என்ர நோட்டுக் கொப்பியில நானும் உப்பிடித்தான் போடுறனான்.”

மூக்கு

உங்களிடம் மறைக்கமாட்டேன்: பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மத்தியானம் முழுவதும் யோசித்தேன். கொன்சல் வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டால் தயாபரன் யார் என்று ஒருவருக்காவது தெரியும். குழு இன்னும் அப்படிச் சொல்லவில்லை என்று நாங்கள் எழுதினால், அந்த அதிகாரி சந்திப்பை நிறுத்திவிடலாம். பிறகு போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மின்னஞ்சலை இரண்டு தடவை வாசித்தார். யாரையும் திட்டவில்லை. இதைச் சொன்னோம், இதைச் சொல்லவில்லை என்று நாங்கள் சொல்வதை நாடுகள் நம்புகின்றன, அந்த நம்பிக்கையை விட்டால் எங்களிடம் வேறு சொத்து இல்லை என்றார். கடிதம் அன்றே போகவேண்டும் என்றார். நான்தான் தட்டினேன். அந்த வசனம் வரைவில் உள்ளது, அடைப்புக்குறிக்குள் உள்ளது, குழு அதை இன்னும் ஏற்கவில்லை. மனிதாபிமான முறையில் சந்திப்புக்கு இடமளிப்பதைத் தடுக்கும் விதி எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று கடைசியில் ஒரு வரியைப் பேராசிரியரே சேர்த்தார்.

அன்ரிக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். “அது ஜஸ்ட் ஒரு ட்ராஃப்ட், அன்ரி” என்று தொடங்கி, முழுவதையும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “இத்தனை மாசமா ஒருதரும் அசையேல்லை. இப்ப ஒருத்தன் அசையிறான். நீங்கள் ஏன் பிள்ளை அதுக்குள்ள மூக்கை நுழைக்கிறியள்?”

வியாழன் கழிந்தது

அடுத்த செவ்வாய் போன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. இடைவேளை நேரம் வந்ததும் நான் போனைப் பார்ப்பதும், லூசியா நான் பார்ப்பதைப் பார்க்காத மாதிரி இருப்பதுமாக நாள் போனது. அதிகாரியிடமிருந்தும் பதில் இல்லை.

கடிதம் போன பதினைந்தாம் நாள் பதில் வந்தது. லூசியா மொழிபெயர்த்துச் சத்தமாக வாசித்தாள். முதல் பாதி மரியாதை. பிறகு, சந்திப்பு அந்த வியாழக்கிழமையே நடந்தது, கொன்சல் அரை நாள் இருந்து கைரேகையும் படமும் எடுத்துச் சென்றார், பதிவு இணைக்கப்பட்டுள்ளது. அடைப்புக்குறியைப் பற்றி அந்த அதிகாரி எழுதியதை நான் வெட்டி எடுத்து மேசையில் ஒட்டிவைத்திருக்கிறேன்: “தங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் குழு ஏற்றுக்கொண்ட வசனமும் எங்களைக் கட்டுப்படுத்தாது, ஏற்காத வசனமும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், எங்களுக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை.”

முந்திக்கொண்ட நாடு

அடுத்த அமர்வில் ஒன்பதாம் பக்கம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி, பேராசிரியரின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார். பேராசிரியர் அந்த நாட்டின் அனுமதியோடு, தயாபரனின் பெயரை மறைத்து, சந்திப்புப் பதிவைத் திரையில் காட்டினார். நான் மூலையில் இருந்து பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கீழே இறக்கி, முழுவதையும் வாசித்தார். இது எந்த அடிப்படையில் நடந்தது என்று கேட்டார். எங்கள் வரைவின் அடிப்படையில் என்றார் பேராசிரியர். அது வரைவு என்று நாங்கள் எழுதிய கடிதத்தையும் காட்டினார்.

எந்த நாடும் செய்யவில்லை என்பதால் அந்த வசனம் அடைப்புக்குறிக்குள் போனது. அடைப்புக்குறியைக் கவனிக்காததால் ஒரு நாடு செய்துவிட்டது. செய்துவிட்டதால் இப்போது அடைப்புக்குறிக்குக் காரணம் இல்லை. எது முட்டை, எது கோழி என்று நான் தேடிக்கொண்டிருக்க, நீதிபதி சொன்னார்: “நான் ஒரு நாட்டைக் கேட்டேன், ஒரு நாடு கிடைத்திருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதை அடிக்குறிப்பில் போடுங்கள், சின்ன எழுத்தில்.”

சமையல்காரர் பேசுகிறார்

கொன்சல் எடுத்த கைரேகை இலங்கைக்குப் போய்ச் சேர்ந்து, கொழும்பிலிருந்து தற்காலிகப் பயணப் பத்திரம் வர இன்னும் ஆறு கிழமை எடுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. இயந்திரச் சத்தம் இல்லை; அன்ரி அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தார். “பிள்ளை, ஒராள் லைனில நிக்குது, கதையுங்கோ” என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. மறுமுனையில் தயாபரன் அண்ணை. பருத்தித்துறையில் தங்கள் வீட்டு முற்றத்தில் நின்று கதைக்கிறாராம். முகாம்காரருக்குச் சோறு அவிக்கத் தெரியாது, கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஒன்று தருவார்கள் என்று தொடங்கி, சமையலைப் பற்றியே கன நேரம் சொன்னார். எனக்கோ ஒன்றைக் கேட்கவேண்டும் போல இருந்தது. நாங்கள் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு இத்தனை பேர் இத்தனை மாதம் மல்லுக்கட்டினோமே, அது போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருந்தது? அந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன மாறியது, அண்ணை?

அன்ரி இடையில் புகுந்து, கடவுள்தான் கொண்டுவந்து சேர்த்தது என்று சொல்லப் பார்த்தார். பொறு அக்கா என்று அண்ணை தடுத்துவிட்டார். “சட்டம் கிட்டம் எனக்குத் தெரியாது, தங்கச்சி. அந்தக் கொன்சல் ஐயாவுக்கு என்ர பாஷையும் தெரியாது, அவரின்ர பாஷை எனக்கும் தெரியாது. ஆனா வாசலில நிண்டு என்ர முழுப் பேரையும் வாசிச்சுக் கேட்டார். அதுவரைக்கும் என்னைக் கப்பல்காரன் எண்டு கூப்பிட்ட காவலாளியள், அண்டைக்குப் பின்னேரத்தில இருந்து தயாபரன் எண்டு கூப்பிடத் தொடங்கிட்டினம்.”

யாரையும் எதையும் செய்யவைக்க முடியாத இந்த வேலையில் இத்தனை நாள் இருந்து நான் கற்றுக்கொண்டது, செய்யவைக்க அதிகாரம் உள்ளவர்களில் பாதிப்பேர், ‘இப்படிச் செய்யலாம்’ என்று யாராவது ஒரு தாளில் எழுதித் தரமாட்டார்களா என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது.